வகுப்புக்கு எத்தனை பேர்?

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு, உலகக் குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் வெளியான கணக்கு 5.29 என்றது. திருவண்ணாமலைப் பள்ளியொன்றில் நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு இது இரண்டு பிள்ளைகள்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் நான்கு பள்ளிகளில், 6 முதல் 11 வயதுவரை 770 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2013-இல் வெளியான அதன் முடிவு 11.32 சதவீதம், உலகச் சராசரியைப் போல இரு மடங்கு. கொங்குப் பிள்ளைகள் மட்டும் கூடுதல் துறுதுறுப்பு என்று இதற்குப் பொருளில்லை. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பும் மதிப்பீட்டுத் தாளைக் கொண்டு எண்ணினால் கணக்கு ஏறும். மருத்துவர் நேரில் பார்த்து உறுதிசெய்தால் இறங்கும். அந்த ஆய்வில் அதைவிட முக்கியமான எண்கள் உண்டு: வசதி குறைந்த குடும்பங்களில் 16.33, நடுத்தரக் குடும்பங்களில் 6.84. குறைப்பிரசவம், பிறப்பில் எடைக்குறைவு, ஈய நஞ்சு ஆகியவை இக்குறைபாட்டின் வாய்ப்பைக் கூட்டுபவை. வறுமை உள்ள இடத்தில் இவையும் அதிகம்.

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்தக் கூட்டத்தில் எந்தப் பிள்ளையும் ஓடும். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதமாவது நீடித்து, வீட்டிலும் பள்ளியிலும் தென்பட்டு, படிப்பையோ பழகுவதையோ கெடுத்தால்தான் அது குறைபாடு.

முதன்மைக் காரணம் மரபணு. இரட்டையர் ஆய்வுகளின்படி, குழந்தைக்குக் குழந்தை காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 சதவீதம் மரபுவழிப்பட்டது. ‘இவங்க அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான்’ என்று பாட்டிமார் சமாதானத்துக்குச் சொல்வதில் விஞ்ஞானம் இருக்கிறது. மூளைப் புறணி முதிர்வதும் இப்பிள்ளைகளுக்குத் தாமதம். மற்றவர்களுக்குச் சராசரியாக 7.5 வயதில் எட்டும் நிலை இவர்களுக்கு 10.5 வயதில் வருகிறது. இனிப்பும் செல்லமும் காரணமல்ல.

கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் இரு பங்கினர் ஆண் பிள்ளைகள். பெஞ்சைத் தாண்டிக் குதிப்பவன் ஆசிரியர் கண்ணில் உடனே படுகிறான். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் சிறுமி மக்குப் பட்டத்தோடு தப்பிவிடுகிறாள். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைகள், வெறும் குழந்தைத்தனத்துக்காக இந்தப் பெயரைச் சுமப்பதும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் தன் பரிசோதனைப் பட்டியலில் இக்குறைபாட்டையும் சேர்த்துள்ளது. அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு செல்கிறது; சந்தேகத்துக்குரிய பிள்ளைகள் மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் குழுவின் பாதையில் இல்லை.