மகளுக்கு 'மகன்' என்று பெயரா?

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருள் சிலர், ஆண்பால் பெண்பால் தோன்றாத பெயரே பெண்மகவுக்கு ஏற்றதென எண்ணி, மேடிசன், அடிசன் முதலிய ஆங்கிலக் குடிப்பெயர்களை நாடுகின்றனர். அவற்றின் ஈற்றிலுள்ள 'சன்' என்பதற்கு மகன் என்பதே பொருள்! 1984-இல் வெளிவந்த திரைப்படமொன்றில், கடற்கன்னி ஒருத்தி நியூயார்க்குத் தெருவொன்றின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டாள், அதுவே மேடிசன். 2001-இல் அந்நாட்டுப் பெண்மகவுப் பெயர்களுள் அஃது இரண்டாமிடம் பெற்றது. தெருப்பெயருக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

வேலை கேட்டு எழுதும் மகளைப் பெண்பெயர் கண்டே ஒதுக்கிவிடுவரோ என்னும் பெற்றோரின் அச்சம் பொய்யன்று. அதற்கு அயலார் குடிப்பெயரை இரவல் வாங்குவானேன்? அன்பு, மதி, எழில், தமிழ் என்பன இருபாலார்க்கும் நாம் இட்டு வழங்கும் பெயர்களே. ழகரம் அந்நாட்டார் நாவுக்கு வாராதெனின், மதி இருக்கிறது.