இன்னர் வாங்கியாச்சா?

தீபாவளி முடிந்து பத்து நாள் ஆனால் போதும், ஊரிலிருந்து தில்லிக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்களிடமிருந்து எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "சார், பையனுக்கு ஸ்கூல்ல ப்ளேசர் வாங்கச் சொல்றாங்க. மூவாயிரம் ஆகுமாம். அது ஒண்ணு போதுமா, இல்ல உள்ள ரெண்டு ஸ்வெட்டர் போடணுமா?" வங்கிக்காரனிடம் ஹோம் லோன் வட்டி கேட்பார்கள் என்று பார்த்தால், நவம்பர் மாதத்தில் மட்டும் நான் ஜவுளிக்கடைக்காரன் ஆகிவிடுகிறேன். பி.காம். படித்தவனுக்கும் கம்பளிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பதிமூன்று வருஷமாக இங்கே குளிர் காய்ந்துகொண்டிருக்கிறேன், அந்தத் தகுதி போதும்.

என் பதில் எப்போதும் ஒன்றுதான். ப்ளேசர் கிடக்கட்டும், இன்னர் வாங்கியாச்சா?

இன்னர் என்றாலும் தெர்மல் என்றாலும் இங்கே ஒன்றுதான். பனியன் இருக்க வேண்டிய இடத்தில் உடம்போடு ஒட்டிப் போடுகிற முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரைக்கும் ஒரு கால்சட்டை. யூனிஃபார்முக்குள் போய்விட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாததாலேயே எந்தப் பள்ளியின் யூனிஃபார்ம் பட்டியலிலும் அது இருப்பதில்லை. டை உண்டு, பெல்ட் உண்டு, ப்ளேசரில் மோனோகிராம் உண்டு. பிள்ளையை உண்மையிலேயே சூடாக வைத்திருக்கிற சமாச்சாரத்துக்கு மட்டும் ஒரு வரி கிடையாது. என் புகாரே அதுதான்.

முதலில் குளிர். 2006 ஜனவரி 8-ஆம் தேதி சப்தர்ஜங்கில் 0.2 டிகிரி பதிவானதைப் பழைய தில்லித் தமிழர்கள் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் என்னைக் கேட்டால் அதைவிட மோசமான நாள் 2019 டிசம்பர் 30. அன்று பகலில் 9.4 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. ராத்திரிக் குளிருக்கு ரஜாய் இருக்கிறது, இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். பகல் குளிருக்கு என்ன செய்வது? வெயிலே எட்டிப் பார்க்காத நாளில், ஹீட்டர் இல்லாத வகுப்பறையில், சில்லிட்ட பெஞ்சில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதுதான் பிரச்சினை. ஜனவரி முதல் பாதியில் வழக்கமாகக் குளிர்கால விடுமுறை விட்டுவிடுவார்கள். அதற்கு முந்தைய பத்து நாளும் பிந்தைய பத்து நாளும்தான் ஆளைக் கொல்லும்.

நம்ம ஊர்க்காரர்கள் இதற்குக் கண்டுபிடிக்கும் தீர்வு தடிமன். கனமான ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னும் கனமான ஸ்வெட்டர். உள்ளே என்ன போட்டிருக்கிறான் என்று கேட்டால் திருப்பூர் பனியன். திருப்பூர் பனியனை நான் குறை சொல்ல மாட்டேன். மே மாதம் அதைப்போல ஒரு சொகுசு கிடையாது. ஆனால் பருத்தி தண்ணீர் குடிக்கும், குடித்ததைச் சீக்கிரம் விடாது. பஸ்ஸைப் பிடிக்க மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பையனுக்கு இரண்டு ஸ்வெட்டருக்குள் நன்றாகவே வியர்க்கும். பனியன் ஈரமாகும். அப்புறம் அசெம்பிளியில் கால் மணி நேரம் சும்மா நிற்பான். தண்ணீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். முதுகில் ஈரத்துண்டைப் போட்டு மேலே இரண்டு ஸ்வெட்டர் மாட்டிவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது.

சூடு கொடுப்பது துணி இல்லை, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. ஒரு தடித்த துணியைவிட இரண்டு மெல்லிய துணிகளும் நடுவில் கொஞ்சம் காற்றும் மேல். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் கிளையில் முன்பு இருந்த கட்வால்காரக் காவலாளி, ராணுவத்தில் லே பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சாப், ஏக் மோட்டா நஹீ, தோ பத்லா" என்பார். தடியாக ஒன்று வேண்டாம், மெல்லிசாக இரண்டு போடுங்கள். எந்தக் கம்பெனி விளம்பரமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சரி, எதை வாங்குவது? பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்க்காதீர்கள், பனிமலை எல்லாப் பாக்கெட்டிலும் இருக்கும். பேலன்ஸ் ஷீட் படிப்பதுபோல உள்ளே தைத்திருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். சாதாரணக் காற்றில் இருக்கும் ஈரத்திலிருந்து பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. கம்பளி 16 சதவீதம் வரைக்கும் எடுக்கும், ஆனால் ஈரத்தை இழைக்குள் வைத்துக்கொள்வதால் தோலுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் மெல்லிய மெரினோ கம்பளிதான் ராஜா. சாதாரணக் கம்பளி மாதிரி குத்தாது, இரண்டு நாள் போட்டாலும் நாறாது. விலையும் ராஜா விலைதான், சட்டை ஒன்றே மூவாயிரத்தைத் தாண்டிவிடும். வளர்கிற பிள்ளைக்கு, அதுவும் வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டு பொம்மைச் சட்டையாக ஆக்கிவிடும் வாய்ப்புள்ள வீட்டில், நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பள்ளிக்கு என் சிபாரிசு, பாலியஸ்டர் அதிகமாகவும் கொஞ்சம் எலாஸ்டேனும் கலந்த, உள்பக்கம் லேசாகப் பஞ்சுபோல் சுரண்டிவிட்ட மெல்லிய இன்னர். ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். ஒரு குறை, மறுநாளே வாடை வரும். தினம் துவைக்க வேண்டும். ஆனால் பனிமூட்ட நாளில் பருத்தி இரண்டு நாள் கொடியில் தொங்கும், இது விடிவதற்குள் காய்ந்துவிடும். இரண்டு செட் இருந்தால் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். கட்டம் கட்டமாகத் தைத்த தடித்த தெர்மல், வீட்டில் ராத்திரி போட்டுத் தூங்க அருமையானது. யூனிஃபார்ம் சட்டைக்குள் போட்டால் பட்டன் மாட்டாது, கையும் மடங்காது.

கடைக்காரர் 'ஊனி' என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். இங்கே பேச்சு வழக்கில் அக்ரிலிக்கும் ஊனிதான். லூதியானாவிலிருந்து வரும் பள்ளி ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் அக்ரிலிக்தான். அது ஒன்றும் பாவமில்லை, மேலே போடுவதற்குப் போதும். தோலோடு போடும் துணியில்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

மெல்லிசாக ஏன் என்பதற்கு இன்னொரு காரணம், கடைகளில் யாரும் சொல்வதில்லை. காலை ஏழு மணிக்கு எட்டு டிகிரி. வெயில் வந்துவிட்டால் அதே நாள் மதியம் இருபது. ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்துக்கொள்ளலாம். இன்னரை வகுப்பில் கழற்ற முடியுமா? அது உள்ளே இருந்தே தீரும். தடியாக இருந்தால் மதியம் முழுக்க அவிந்துபோவான், மறுநாள் "எனக்கு வேண்டாம்பா" என்பான். பிள்ளை போட்டுக்கொள்ள மறுக்கும் இன்னரைவிட வீண் செலவு கிடையாது.

அளவு உடம்போடு படிய வேண்டும், இறுக்கக் கூடாது. அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கும் நம் குலவழக்கம் ப்ளேசருக்குச் சரி, இன்னருக்கு உதவாது. தொளதொளவென்று இருந்தால் சூட்டுக் காற்று கழுத்து வழியே வெளியேறிவிடும். வெள்ளைச் சட்டைக்குள் கறுப்பு தெரியும், வெள்ளையும் கோடு கோடாகத் தெரியும். பிள்ளையின் தோல் நிறத்துக்குக் கிட்டத்தில் இருப்பதுதான் தெரியாது. டை கட்டும் பையனுக்கு வட்டக் கழுத்து பரவாயில்லை, காலர் திறந்திருக்கும் பெண்பிள்ளைகளுக்கு அகலக் கழுத்து. ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்குவது வேண்டவே வேண்டாம். காற்றுக்கு இடமில்லாமல் கால் இன்னும் சில்லிடும்.

தங்கமணியின் கட்சி வேறு. நான் எத்தனை சதவீதம் பேசினாலும், "காதை மூடினா எல்லாம் சரியாப் போயிடும்" என்று முடித்துவிடுவார். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்பது கட்டுக்கதை, தலையின் பரப்பு எவ்வளவோ அந்த அளவுக்கு, பத்தில் ஒரு பங்கு மாதிரிதான் போகும் என்று ஒருமுறை விளக்கினேன். குரங்குக் குல்லா எனக்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

இனி பள்ளிகளுக்கு வருகிறேன். குளிர் அதிகமான நாளிலும் குறிப்பிட்ட நிற ஸ்வெட்டர்தான், பாவாடைக்குக் கீழே ஸ்லாக்ஸ் போடக் கூடாது, குல்லாவை வாசலில் கழற்று என்று சட்டம் பேசும் பள்ளிகள் இருக்கின்றன. 2023 ஜனவரியில் ராஜ்கோட்டில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளியில் மயங்கி விழுந்து இறந்துபோனாள். பள்ளி சொன்ன ஸ்வெட்டர் குளிரைத் தாங்கவில்லை என்று பெற்றோர் குமுறினார்கள். மருத்துவக் காரணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான், குறிப்பிட்ட ஸ்வெட்டரைத்தான் போட வேண்டும் என்று பள்ளிகள் கட்டாயப்படுத்தக் கூடாது என அங்கே கல்வித்துறை சொன்னது. ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்த பிறகு வர வேண்டிய சுற்றறிக்கையா அது? பெற்றோர் கூட்டத்தில் கணக்கு மார்க் பற்றி அரை மணி நேரம் பேசும் நாம், இதைப் பற்றி இரண்டு நிமிஷம் கேட்கலாம். பட்டியலில் இன்னரையும் ஸ்லாக்ஸையும் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் வாசலில் நிற்கும் பி.டி. மாஸ்டருக்குத் தடுக்க வழியில்லை. நம்மவர்களிலேயே செலவுக்கு யோசிக்கிற பெற்றோரும் ப்ளேசருக்கு முன்னால் இதை வாங்குவார்கள். வரியும் இடிக்காது, 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரையுள்ள உடைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்.

யூனிஃபார்ம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு உங்கள் குடியிருப்பு வாசலில் கேட்டைத் திறந்துவிடுகிறாரே, அவரும் யூனிஃபார்மில்தான் இருக்கிறார். செக்யூரிட்டி ஏஜென்சி கொடுத்தது ஒரு சட்டை, ஒரு பேண்ட், தோளில் பட்டை வைத்த ஒரு ஜெர்சி. பல இடங்களில் அதற்கும் சம்பளத்தில் பிடித்தம். பள்ளிப் பிள்ளை மதியம் வீட்டுக்குப் போய்விடும், இவருக்கு நேரம் ஆக ஆகத்தான் குளிர் கூடும். ஓடியாடுகிற வேலையும் இல்லை, உட்கார்ந்தே இருக்க வேண்டும். அவர் என்ன செய்வார்? கிடைத்த குச்சியையும் அட்டைப்பெட்டியையும் போட்டு எரிப்பார். குளிர் தாங்காத நாளில் கரி அங்கீட்டியை அறைக்குள் எடுத்து வைத்துக் கதவைச் சாத்துவார். 2024 ஜனவரி 14 அன்று தில்லியில் இரண்டு வீடுகளில் இப்படி அங்கீட்டி வைத்துத் தூங்கியவர்களில் ஆறு பேர் எழுந்திருக்கவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

காற்று மாசைக் குறைக்கும் கிராப் விதிகளில், குடியிருப்புச் சங்கங்கள் காவலாளிகளுக்கு மின்சார ஹீட்டர் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல விதிதான். ஆனால் அது அவர் குளிருக்காக வந்ததில்லை, அவர் மூட்டும் தீயின் புகை நம் மூக்குக்கு வரக் கூடாது என்பதற்காக வந்தது. கேட் பக்கத்தில் ஹீட்டர் வைத்தாலும் சுற்றி நடக்கப் போனால் அது கூடவே வராது. இரண்டு செட் இன்னர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நூறு வீடு உள்ள குடியிருப்பில் வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டால் ஆறு காவலாளிக்கும் வாங்கி, மிச்சத்தில் சாக்ஸும் வாங்கலாம். கணக்குப் போடத் தெரிந்த எத்தனை ஆடிட்டர்கள் நம் சங்கக் கமிட்டிகளில் இருக்கிறார்கள்!

இதைத் தானமாகச் செய்ய வேண்டாம் என்பது என் கட்சி. பழைய ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டுப் புண்ணியம் சேர்ப்பது வேறு, ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தத்தில் "நவம்பர் 15-க்குள் ஒரு ஆளுக்கு இரண்டு செட் இன்னர், சம்பளத்தில் பிடித்தமின்றி" என்று ஒரு வரி எழுதுவது வேறு. எங்கள் கிளைக் காவலாளிகளுக்காக இப்படி ஒரு வரி சேர்க்கச் சொல்லி மேலே குறிப்பு அனுப்பியிருக்கிறேன். "யூனிஃபார்ம் என்பதில் உள்ளாடை அடங்குமா?" என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அடங்கும் என்று இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

அந்தக் கோப்பு நகர்வதற்குள் ஜனவரி வந்துவிடும் என்பதால், கிளையில் எட்டுப் பேர் பணம் போட்டு இந்த வருஷத்துக்கு வாங்கிவிட்டோம். நீங்களும் வாங்குவதாக இருந்தால் அளவு கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆள் பார்வைக்கு 100 மாதிரி இருப்பார், ஜெர்சியைக் கழற்றினால் 90 தான் வரும்.