குண்டும் குழலும்

"யானைக்குப் பெரிய குண்டு, மானுக்குச் சிறிய குண்டு, இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஒற்றைக் குழல் துப்பாக்கியைப் பொறுத்தவரை இக்கேள்வியில் ஓரளவு நியாயம் உண்டு. இரட்டைக் குழல் ரைபிளின் சங்கதி வேறு. அதை வைத்திருப்பவர் மிருகத்தைப் பற்றிச் சிந்திக்கும் முன், குழலைப் பற்றிச் சிந்தித்தாக வேண்டும்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், வேட்டை பழங்கதையாகிவிட்டது. ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் அநுமதி பெற்று வேட்டையாடுவோர் இன்றும் இருக்கிறார்கள். பாய்ந்து வரும் காட்டெருமைக்கு எதிரே நிற்பவர் தாழைத் திறந்து மறு தோட்டா ஏற்றிக் கொண்டிருக்க முடியாது. விரலை அடுத்த விசைக்கு நகர்த்தினால் இரண்டாவது குண்டு புறப்பட வேண்டும். இதற்காக ஏற்பட்டதே இரட்டைக் குழல்.

பக்கத்தில் பக்கத்தில் பற்ற வைத்த அக்குழல்கள் நேர்கோடுகளாகத் தோன்றினும், நுனியில் ஒன்றை நோக்கி ஒன்று சற்றே சாய்ந்திருக்கும். காரணம் உண்டு. வலக் குழல் வெடிக்கும்போது, குண்டு வெளியேறுவதற்குள்ளாகவே துப்பாக்கி மேலும் வலப்புறமுமாக உதைக்கும். இடக் குழல் வெடித்தால் இடப்புறம். இந்த விலகலைக் கணக்கிட்டு, சுட்டுச் சுட்டுப் பார்த்து, இரு குண்டுகளும் ஒரே இடத்தில் தைக்கும்படி தொழிலாளி குழல்களைச் சுருதி கூட்டுகிறான். அந்தச் சுருதி குறிப்பிட்ட எடையுள்ள குண்டுக்கும், குறிப்பிட்ட அளவு மருந்துக்கும் மட்டுமே சேரும். வேகம் மிகுந்தால் குண்டுகள் ஒன்றை ஒன்று குறுக்கே கடந்து போகும். வேகம் குறைந்தால் அகன்று போகும்.

ஆகையால், பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளின் குழலில் பொறித்துள்ள எண்களே முதற் பாடம். '470 நைட்ரோ எக்ஸ்பிரஸ்' குழலில் '75–500' என்று கண்டால், 75 கிரெயின் கார்டைட் மருந்து, 500 கிரெயின் குண்டு என்று பொருள். 500 கிரெயின் என்பது சுமார் 32 கிராம். அந்த எடையை விட்டு விலகுவது குறியை விட்டு விலகுவதாகும்.

இரண்டாவது பாடம் உயிரைப் பற்றியது. கார்டைட் மருந்து வழக்கத்துக்கு வருமுன் செய்த துப்பாக்கிகள் கருமருந்தின் அழுத்தத்தைத் தாங்குமாறு அமைந்தவை. கருமருந்துக் குழலும் கார்டைட் குழலும் பார்வைக்கு உடன்பிறப்புக்களைப் போலவே இருக்கும். உருவத்தை நம்பி, முன்னதில் பின்னதன் முழுத் தோட்டாவை இட்டால், ஆபத்து மிருகத்துக்கு அல்ல, சுடுபவருக்கே.

இதன் பிறகுதான் மிருகம். நுனியில் ஈயம் தெரியும் மென்குண்டு உடலில் பட்டதும் மலர்ந்து அகலும். சிங்கம் போன்ற மெல்லிய தோல் பிராணிகளுக்கு அது ஏற்றது. யானையின் மண்டை எலும்பைத் துளைத்து மூளையை அடைய, உலோகக் கவசம் முழுதும் மூடிய வன்குண்டு தேவை. இவற்றை மாற்றிப் பிரயோகித்தால், ஒன்று உள்ளே போகாது. மற்றொன்று ஊடுருவிச் சென்று, பின்னால் நிற்கும் பிராணியையும் காயப்படுத்தும்.

ஈயத் துணுக்குகள் மாமிசத்தில் கலந்து, அதை உண்ணும் கழுகுகளைக் கொல்வதால், கலிபோர்னியா 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றிலும் விலக்கியது. செம்பினாலோ பித்தளையினாலோ வார்த்தெடுத்தாற்போல் ஒரே உலோகமான குண்டுகள் பரவி வருகின்றன. நோக்கம் நல்லதே. ஆனால் அவை ஈயத்தைப் போல் நசுங்கி இடம் கொடுப்பதில்லை. பழைய, மெல்லிய குழலில் உள்வரிகளின் தடம் வெளிப்புறத்தில் புடைத்துத் தெரியுமளவுக்கு அழுத்தம் ஏற்படலாம். குழலின் உள்விட்டத்தை நிபுணரைக் கொண்டு அளந்து, சுற்றிலும் பள்ளங்கள் வெட்டி உராய்வைக் குறைத்த குண்டாகத் தேர்ந்தெடுப்பதே விவேகம். மிகப் பழைய குழலானால், உள்ளே ஈயமும் மேலே மெல்லிய கவசமும் உள்ள குண்டுடன் நிற்பதே நலம்.

இத்தனை சிரத்தை எதற்கு? 1907-ல் ஜிம் கார்பெட், குமாயுன் பிரதேசத்தின் சம்பாவத்தில் ஒரு பெண்புலியைக் கொன்றார். அதற்குப் பலியானவர்கள் 436 பேர் என்று அவர் எழுதியிருக்கிறார். அதன் வலப்புறக் கோரைப் பற்களில் மேற்பல் பாதியாகவும் கீழ்ப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயத்தின் விளைவு அது. இயல்பான இரையைப் பிடிக்க மாட்டாமல், அது மனிதரைத் தேடி வந்தது. குண்டு பட்டும் சாகாத மிருகம் தன் வலியோடு காட்டுக்குள் போய்விடுகிறது. அதன் பலனை அநுபவித்தவர்கள் துப்பாக்கியையே கண்டறியாத, விறகுக்கும் தழைக்கும் காடு சென்ற கிராமத்துப் பெண்கள்.