காற்றுக்காலம் தொடங்குவதற்குள்

நமக்கு இருப்பது சில வாரம்தான். மே பாதியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று இறங்கிவிடும். முப்பந்தலில் தொடங்கி ராதாபுரம் வரை நிற்கும் காற்றாலைக் காத்தாடிகள் இரவு பகல் பாராமல் சுழலும். கூடங்குளம் ஊரைச் சுற்றிலும் காத்தாடிதான். அவற்றின் இறக்கைகளுக்கு ஊடே அணு உலைகளின் குவிமாடங்கள் தெரியும். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்ற நான், அந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்தவன். இப்போது அவசரமாக எழுதக் காரணம் இருக்கிறது.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ஒன்றிய அரசு சொன்னதைப் படித்தீர்களா? 2047-க்குள் 1,00,000 மெகாவாட் அணுமின்சாரமாம். அப்போது நாடு முழுவதும் இருந்தது சுமார் 8,000. சிறு உலைகளுக்கான ஆராய்ச்சிக்கு 20,000 கோடி ரூபாய். இவற்றைவிட முக்கியமானது அடுத்த வரி: தனியார் உள்ளே வர வசதியாக அணுசக்திச் சட்டமும் அணு விபத்து இழப்பீட்டுச் சட்டமும் திருத்தப்படும்.

அந்த இழப்பீட்டுச் சட்டத்தை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2010-ல் நிறைவேறியது. போபால் விஷவாயு வழக்கின் தீர்ப்பு வந்து நாடே கொதித்த அதே ஆண்டு. ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகும் அந்தக் கம்பெனி 47 கோடி டாலரோடு கணக்கை முடித்துக்கொண்டதை மக்கள் மறக்கவில்லை. அந்தக் கோபம்தான் சட்டத்தின் 17-ஆவது பிரிவுக்குள் ஒரு வாசகமாகப் போய் உட்கார்ந்தது. உலைக்குப் பழுதான சாமான் கொடுத்தவனிடமிருந்து, உலையை நடத்துபவர் நஷ்டத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதே அது. ஜைத்தாப்பூரில் பிரெஞ்சு உலையும் கொவ்வாடாவில் அமெரிக்க உலையும் இத்தனை வருடமாகத் தாளிலேயே நிற்க அந்த வாசகமும் ஒரு காரணம். தான் செய்த இயந்திரத்துக்குத் தானே பொறுப்பேற்கத் தயாரில்லாதவனை நம்பி நம் கடற்கரையில் உலை கட்டச் சொல்கிறார்கள். அந்தச் சட்டத்தில் நடத்துபவரின் பொறுப்புக்கே 1,500 கோடிதான் உச்சவரம்பாக இருந்தது. புகுஷிமாவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

2025 டிசம்பரில் நீக்கப்பட்ட அந்த வாசகத்தை மீண்டும் கொண்டுவர வைக்க வேண்டும். இது முதல் வேலை.

இனி என் மனதை அறுக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 2012-ஐ நினைத்துப் பாருங்கள். நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. தறி நின்றது, லேத் பட்டறை நின்றது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள். கம்பத்தில் ஏறும் எங்களை ஜனங்கள் வழிமறித்துத் திட்டினார்கள். அப்போது எங்கள் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது: “கூடங்குளம் வந்துட்டா சரியாயிரும்.” நானும் சொன்னேன். அதே நாட்களில் அந்த உலை வேண்டாம் என்று இடிந்தகரை லூர்து மாதா கோயில் பந்தலில் மீனவப் பெண்கள் பட்டினி கிடந்தார்கள். செப்டம்பர் 10-ஆம் தேதி கடற்கரையில் அவர்கள் மீது கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தது. மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்கு. தறிக்காரரையும் மீனவரையும் எதிரெதிரே நிறுத்தியது அந்த ஒரு வரிப் பதில். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நானும் ஒருவன். இடிந்தகரைக்கு நான் ஒரு நாளும் போகவில்லை.

அந்தப் பதிலாவது உண்மையாக இருந்ததா? முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 டிசம்பர் 31. அதற்கு முன்பே மின்வெட்டு குறையத் தொடங்கிவிட்டது. புதிய அனல் நிலையங்கள் ஓடத் தொடங்கின. 2013-இன் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒத்திசைந்து இணைந்தது. லைன் தோழர்களே, லைன்! மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பது பாதிக் கதை. மீதிக் கதை கம்பியில் இருக்கிறது. நம் தொழிலே அதுதான், அப்படியிருந்தும் அன்று அதை எடுத்துச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நம் அணிகளுக்குள்ளேயே ஒரு கேள்வி உண்டு, அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. நிலக்கரி பூமியைச் சுடுகிறதே, உலை கரியமில வாயுவை விடுவதில்லையே, காற்றும் வெயிலும் எப்போதும் கிடைக்காதே என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. உலை இரவு பகலாக ஓடக்கூடியது, மறுக்கவில்லை. காற்று அக்டோபருக்குப் பிறகு அடங்கிவிடும், சூரியன் ஆறு மணிக்கு இறங்கிவிடும். அதுவும் உண்மை.

ஆனால் காலத்தைக் கணக்கில் எடுங்கள். கூடங்குளத்துக்கு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988-ல். மின்சாரம் முறையாக வந்தது இருபத்தாறு வருடம் கழித்து. இரண்டு உலைகளுக்கு 13,171 கோடி என்றார்கள், பிறகு 17,270 என்றார்கள், அதுவும் போதவில்லை. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் ஈனுலைக்கு 2004-ல் வேலை தொடங்கி 2010-ல் முடியும் என்றார்கள். அதன் மையப் பகுதியை நிரப்பும் பணி பிரதமர் முன்னிலையில் தொடங்கியதே 2024 மார்ச்சில். மறுபக்கம் பாருங்கள். கமுதி சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2017-ல் ராஜஸ்தான் பட்லா ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிவிட்டது. 2025 ஜனவரியில் நாட்டின் சூரிய மின்திறன் 1,00,000 மெகாவாட்டைத் தொட்டது. அணுவுக்கு 2047-ல் வரப்போவதாகச் சொல்லும் அதே எண் அது. பூமி சுடுகிறது என்றால், சீக்கிரம் வருவதைத்தானே நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்?

கழிவைப் பற்றி ஒரு சொல். உலையில் உண்டாகும் புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 வருடம் ஆகும். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்கு ஏறக்குறைய மூவாயிரம் வயது. அவற்றைப் புதைத்தவர்கள் யார், என்ன பேசினார்கள் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அதே தென் மாவட்டங்களின் மண்ணில் அதைப்போல எட்டு மடங்கு காலம் காவல் காக்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டுப் போக நமக்கு உரிமை கிடையாது.

இரவுக்கும் காற்றில்லா மாதத்துக்கும் என்ன வழி? வால்பாறை மலையில் காடம்பாறை நிலையத்தைப் போய்ப் பாருங்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் கீழே இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். 1980-களில் நம் வாரியத் தொழிலாளிகள் கட்டியது அது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரி வேலை வருடக்கணக்காக இழுத்துக்கொண்டே வந்தது. ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் பருவத்தில், தொகுப்பில் இடமில்லை என்று காத்தாடியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வருகிறது. விலையில்லாத காற்று வீணாகிறது. சேமிப்பும் லைனும் இருந்தால் அந்தக் காற்று ராத்திரி அரவை மில்லை ஓட்டும்.

இப்போது நம் பக்கத்துக் குறையைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதில் மின்வாரியத்துக்குச் சொந்தமாக இருந்தது எவ்வளவு தெரியுமா? சுமார் 17 மெகாவாட். தூத்துக்குடி முள்ளக்காட்டில் 1986-லேயே அரசு காத்தாடி நட்டது. வழி காட்டியது பொதுத்துறை, அறுவடை செய்தது தனியார். கமுதியில் 2,500 ஏக்கரில் விரிந்து கிடக்கும் பலகைகள் ஒரே குழுமத்தினுடையவை. காற்றுக்கும் வெயிலுக்கும் முதலாளி வந்துவிட்டார், நாம் அணு உலை வாசலில் மட்டும் கோஷம் போட்டுக்கொண்டிருந்தோம். காத்தாடிக்கு அடிமாட்டு விலையில் புஞ்சையை விற்ற சம்சாரிக்கு, “அது பசுமை மின்சாரம்” என்று சொன்னால் வயிறு நிறையாது. மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் காற்றாலை நடும் திட்டமும் வருகிறது. வலை போடும் மீனவரைக் கேட்காமல் அங்கே ஒரு தூண் இறங்கினால், கூடங்குளத்தில் செய்த அநியாயத்தை நாம் வேறு பெயரில் செய்தவர்களாவோம்.

ஆகவே நம் கோரிக்கை “உலை வேண்டாம்” என்பதோடு நிற்கக் கூடாது. 2024-ல் வாரியத்தைப் பிரித்துப் பசுமை எரிசக்திக் கழகம் ஒன்றை அமைத்தார்கள். பிரித்ததில் நமக்கு ஆயிரம் சந்தேகம் உண்டு. ஆனால் அமைத்தாயிற்று, அது தனியாருக்குத் தரகு பார்க்காமல் தானே காத்தாடி நடட்டும். முப்பது வருடத்துக்கு முன்பு நட்ட 225, 250 கிலோவாட் காத்தாடிகள் நல்ல காற்றுள்ள இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை மாற்ற 2024-ல் ஒரு கொள்கை வந்திருக்கிறது. மாற்றும் இடத்தில் பொதுத்துறைக்குப் பங்கு கேட்போம், நிலம் கொடுத்தவருக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று பங்கு கேட்போம். அரசுப் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் டிப்போ கூரையெல்லாம் வெறுமனே வெயில் காய்கிறது. அங்கே பலகை ஏறட்டும், அதை ஏற்றுகிற வேலை ஐடிஐ படித்த நம் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலையாகட்டும்.

மே 1 அன்று நமக்கு இரண்டு வேலை. காலையில் கொடியேற்றுங்கள். ஏற்றிய கையோடு கிராம சபைக்குப் போங்கள். தீர்மானத்தை இப்போதே எழுதி வையுங்கள்: இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் இருந்த வாசகத்தைத் திரும்பக் கொண்டு வா, கூடங்குளத்தில் இனி ஓர் உலையும் கூட்டாதே, காற்றையும் வெயிலையும் பொதுத்துறையில் எடு, போராடியவர்கள் மீதுள்ள வழக்குகளை விலக்க முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 6-லேயே சொன்னதை ஒன்று விடாமல் நிறைவேற்று. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். தறிக் கூடத்திலிருந்து ஒருவரையும் வலைக் கூடத்திலிருந்து ஒருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள். இரண்டு பேரும் பேசட்டும், நாம் கேட்போம்.

தெற்கே இருக்கும் தோழர்கள் அன்று சாயங்காலம் இடிந்தகரைக்கு வந்து சேருங்கள். மீனவர் வீட்டுப் பெண்கள் நம்மிடம் கேட்க வேண்டியது 2012-லிருந்து பாக்கி இருக்கிறது. நான் மதியமே கிளம்பிவிடுகிறேன்.