ஒரு எஃப்ஐஆர் இருந்தால் காலேஜ் சீட் போய்விடுமா? சட்டம் சொல்வது என்ன?

2017 ஜூலை 12. சேலம் அரசு மகளிர் கலைக் கல்லூரி அருகே துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்த வளர்மதி என்ற மாணவியை போலீஸார் கைது செய்தனர். பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்தவர் அவர். நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்கு ஆதரவு கேட்டது அந்தப் பிரசுரம். சில நாட்களிலேயே அவர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டப்பேரவையிலேயே இந்த நடவடிக்கையை நியாயப்படுத்திப் பேசினார்.

அந்த ஆண்டு செப்டம்பரில், குண்டர் சட்டத்தில் அவரை அடைத்தது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கோவை சிறையிலிருந்து அவர் வெளியே வந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குண்டர் சட்டம் என்பது தண்டனை அல்ல, தடுப்புக் காவல். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். அதாவது, இந்த விவகாரத்தில் வளர்மதி குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பு சொல்வதற்கு முன்பே அவருடைய படிப்பு நின்றது.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் சேலம், நாமக்கல் பக்கம் சில வீடுகளில் இந்தப் பயம் இருக்கும். கோயில் திருவிழாவில் கைகலப்பு, பஸ் ஸ்டாண்டில் இரண்டு கோஷ்டி மோதல், பைக் விபத்து. ஏதோ ஒன்றில் பையன் பெயர் எஃப்ஐஆரில் ஏறியிருக்கும். ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் ஹாஸ்டலில் போட்டுப் படிக்க வைத்த பணமெல்லாம் வீண்தானா? கேஸ் இருந்தா சீட் கிடைக்காதா?

விண்ணப்பத்தில் கேட்கிறார்களா?

பொறியியல் கலந்தாய்வுக்குக் கேட்கும் சான்றிதழ்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், தேவைப்பட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் அந்தப் பட்டியலில் இல்லை. கட் ஆஃப் மார்க்கும் இடஒதுக்கீடும்தான் சீட்டை முடிவு செய்கின்றன. வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே ஒருவர் பட்டப்படிப்பில் சேர முடியாது என்று பொதுவான சட்டம் எதுவும் கிடையாது. சிறைக்குள் இருந்தே படிப்பவர்கள் உண்டு. பேரறிவாளன் 2012-ல் வேலூர் சிறையிலிருந்து பிளஸ் டூ எழுதி 91 சதவீதத்துக்கு மேல் எடுத்தார். பட்டமும் வாங்கினார்.

ஆனால், மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்று ஒரு வரி இருக்கிறது. பெரும்பாலும் யாரும் படித்துக்கூடப் பார்க்காத வரி அது. 2022 மே மாதம், ஆசிரியர்களிடம் தவறாக நடந்துகொள்ளும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணம் சான்றிதழிலேயே குறிப்பிடப்படும் என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி சட்டப்பேரவையில் சொன்னபோதுதான் பலரும் அந்த வரியைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினாறு வயதில் செய்த தப்பு வாழ்நாள் முழுக்கக் கூடவே வர வேண்டுமா என்ற விவாதமும் அப்போது எழுந்தது. எஃப்ஐஆருக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்லலாம். தலைமை ஆசிரியர் எழுதும் ஒரு வரிக்கு எங்கே போய் வாதாடுவது?

ராகிங் என்றால் கதை வேறு

சேர்க்கைக் கதவை நேரடியாகவே மூடும் குற்றம் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு. அது ராகிங். 1996-ல் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டது மாநிலத்தையே உலுக்கியது. அதன் பின்னர் வந்ததுதான் 1997-ம் ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். இரண்டு ஆண்டுகள் வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரியது அடுத்த பிரிவு: தண்டிக்கப்பட்ட மாணவரை கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும், வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது.

2009-ல் யுஜிசி கொண்டுவந்த விதிமுறைகளின்படி, சேரும்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். ராகிங்கிற்காக இதற்கு முன் எங்கும் நீக்கப்படவில்லை என்ற வாசகமும் அதில் உண்டு. பொய் என்று தெரிந்தால் அட்மிஷன் ரத்தாகலாம். பலர் படிக்காமலேயே கையெழுத்துப் போடும் பேப்பர் இது.

சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு

சேலத்திலும் நாமக்கல்லிலும் 2019-ல் அரசு சட்டக் கல்லூரிகள் வந்தன. விவசாயக் குடும்பங்களிலிருந்தும் லாரி பட்டறைத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் பக்கத்திலேயே சட்டம் படிக்கலாம் என்ற நிலை உருவானது. இவர்கள்தான் இப்போது அதிகம் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

காரணம், இந்திய பார் கவுன்சில் 2024 செப்டம்பரில் அனுப்பிய சுற்றறிக்கை. எஃப்ஐஆர், நிலுவை வழக்கு, தண்டனை, ஏன், விடுதலையானதைக்கூட சட்ட மாணவர்கள் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் தருவதற்கு முன் கல்லூரி அந்த விவரத்தை பார் கவுன்சிலுக்கு அனுப்பி, முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆக, சீட் கிடைத்து, ஐந்து வருஷம் படித்து, கடைசியில் சான்றிதழ் நிற்கலாம். விடுதலையானவரும் சொல்ல வேண்டும் என்பது கொஞ்சம் அதிகம்தான். இத்தனைக்கும் வழக்கறிஞர்கள் சட்டத்தின் பிரிவு 24ஏ, ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரையே விடுதலையாகி இரண்டு ஆண்டுகள் கழிந்தால் பதிவு செய்துகொள்ள இடம் தருகிறது.

18 வயதுக்குக் கீழ் என்றால்?

இங்கே சட்டம் தெளிவாகவே மாணவர் பக்கம் நிற்கிறது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 24-ன்படி, சிறாராக இருந்தபோது செய்த குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. வழக்கு முடிந்த பிறகு, நடத்தைச் சான்றிதழுக்காகக்கூட போலீஸ் அந்த விவரத்தை வெளியிடக் கூடாது என்கிறது பிரிவு 74. ஒரே விதிவிலக்கு, 16 வயதைத் தாண்டியவர் கொடூரக் குற்றத்தில் பெரியவர்போல விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்படுவது.

ஆனால் 18 வயதும் ஒரு நாளும் ஆகியிருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவுக்குப் பின், பாலியல் வழக்குகள் போன்ற சிலவற்றைத் தவிர எஃப்ஐஆர்கள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்த இருவர் ஒரே அடிதடியில் சிக்கினால், பிறந்த தேதியைப் பொறுத்து ஒருவர் பெயர் மறையும், இன்னொருவர் பெயர் செல்போனில் தேடினால் கிடைக்கும்.

உண்மையான அடி எப்போது விழும்?

பெரும்பாலும் படிப்பு முடிந்த பிறகு. போலீஸ் வேலைக்குப் போனால், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி கருதுகிறது. வெளிநாட்டில் படிக்க பாஸ்போர்ட் வேண்டுமென்றால், வழக்கு நிலுவையில் உள்ளவர் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே மறைப்பதுதான் பெரிய ஆபத்து. அரசு வேலை தொடர்பான அவ்தார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: கேட்கும் விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும், அதேசமயம் இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சிறு விஷயங்களை மறைத்திருந்தால் அதை மன்னிக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு.

வெளிநாடுகளில் இந்தக் கேள்வியையே நீக்கத் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டனில் எல்லாப் படிப்புகளுக்கும் பழைய தண்டனையைக் கேட்கும் வழக்கத்தை யூகாஸ் 2018-ல் கைவிட்டது. அமெரிக்காவின் காமன் ஆப் விண்ணப்பத்திலிருந்து 2019-ல் அந்தக் கேள்வி போனது. அங்கேயும் தனித்தனிக் கல்லூரிகள் கேட்கலாம் என்பது வேறு விஷயம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில் வழக்கின் நிலை என்ன என்று பாருங்கள். எஃப்ஐஆர் மட்டுமா, குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா? சிறு தகராறு, எதிர்த்தரப்பு சமாதானத்துக்குத் தயார் என்றால், பிஎன்எஸ்எஸ் பிரிவு 528-ன் கீழ் வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தை அணுகலாம். குற்றம் நிரூபணமானாலும் 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. 21 வயதுக்குக் கீழ் உள்ளவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதபோது, காரணம் எழுதாமல் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பக் கூடாது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தகுதியிழப்பு கிடையாது என்கிறது அதன் பிரிவு 12. வக்கீலிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவராகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

போராட்ட வழக்குகளில் அரசே இறங்கி வந்ததும் நடந்திருக்கிறது. 2021 மே மாதம், ஸ்டெர்லைட் போராட்ட வழக்குகள் பலவற்றைத் திரும்பப் பெற்றபோது, கைதானவர்கள் மேல்படிப்புக்கும் வேலைக்கும் போகத் தடையில்லாச் சான்று தரப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 5,570 வழக்குகளைத் திரும்பப் பெறும் முடிவு வந்தது. சேலம் எட்டு வழிச்சாலை எதிர்ப்பு வழக்குகளும் அதில் அடக்கம். அப்படி வழக்கு முடிந்தவர்கள், முடித்துவைத்த நீதிமன்ற உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. போலீஸ் ஆன்லைன் பதிவில் பழைய எஃப்ஐஆர் அப்படியே கிடந்தால், அதற்குப் பதில் சொல்ல கையில் இருக்க வேண்டியது அந்தப் பேப்பர்தான்.