பழைய காரும் பாதுகாவலும்

எம் தந்தையார் எமக்கு விட்டுச் சென்றவற்றுள் ஒன்று, 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார். அதன் திறப்பை நம்பி அதனைத் தெருவில் விட்டுச் செல்லல் பேதைமையாகும். பற்றறியையும் தீப்பொறிச் சுருளையும் கம்பி ஒன்றினால் இணைக்க அறிந்தவனுக்குத் திறப்பு எதற்கு? சுக்கானைப் பூட்டும் வசதியும் அதில் இல்லை.

ஆயின் எளியதோர் உபாயம் உண்டு. டிஸ்ரிபியூற்றர் மூடியை நீக்கி, உள்ளே சுழலும் சிறு றோட்டரைக் கழற்றிவிட்டால், பிளக்குகளுக்குத் தீப்பொறி செல்லாது. 1940இல் பகைவர் படையிறக்கத்துக்கு அஞ்சிய பிரித்தானியாவில், வண்டியை நிறுத்திச் செல்வோர் அதனை இயங்காதபடி செய்தே அகலவேண்டும் என அரசு விதித்தபோது, பலரும் கையாண்ட முறை இதுவே.

நாமும் அவ்வாறே செய்து இறுமாந்திருந்தோம். சென்ற மாரியில் ஒரு நள்ளிரவு, அன்னையாருக்கு மூச்சிழுப்புக் கண்டது. காரிடம் ஓடினோம்; றோட்டர் இல்லை! அதனை இட்டுவைத்த சட்டையோ வாளி நீரில் ஊறிக்கொண்டிருந்தது. அதனைத் தேடியெடுக்குமுன், அயலவரின் முச்சக்கர வண்டியே அன்னையாரை வைத்தியசாலை சேர்த்தது.

இன்று றோட்டருக்கென ஓரிடம் உண்டு. வீட்டார் அனைவரும் அதனை அறிவர். மறைவான சுவிச்சு ஒன்று பொருத்தினும் விதி இதுவே. கள்வனைத் தடுக்கும் பூட்டு, ஆபத்து வேளையில் உடையவனைத் தடுத்தலாகாது.

அவ்விடம் யாதென நேயர்கள் வினவற்க!