சிரட்டைக் கரியும் மின்கலமும்

மரச் சாம்பலை நீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சினால் எஞ்சும் உப்பை ஐரோப்பியர் 'பொட்டாஷ்' என்றழைத்தனர். பானைச் சாம்பல் என்பது அதன் பொருள். 1807-ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி என்னும் ஆங்கிலேய அறிஞர், எரிபொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சிப் புதியதோர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே பொட்டாசியம். நீர் பட்டாலே தீப்பற்றும் இவ்வுலோகத்தின் அயனிகளைக் கொண்டு மின்சாரத்தைச் சேமிக்க இயலுமா என இன்று ஆராய்ந்து வருகின்றனர். அம்முயற்சியில் தேங்காய்ச் சிரட்டைக்கும் பங்குண்டு, அன்பு வாசகர்களே!

நம் கைபேசியிலுள்ள மின்கலம் லித்தியத்தால் இயங்குவது. 1991-இல் விற்பனைக்கு வந்த வகை. புவியின் மேலோட்டில் லித்தியம் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 20 பங்கே உள்ளது. பொட்டாசியமோ நூற்றில் இரண்டு பங்குக்கும் மேல். மலிவான மின்கலம் வேண்டுவோர் பொட்டாசியத்தை நாடுவதன் காரணம் இதுதான்.

மின்கலத்தின் எதிர்மின்வாய் பெரும்பாலும் கிராஃபைட்டால் ஆனது. பென்சிலில் இருப்பதும் அதுவே. புத்தகத்தின் ஏடுகளைப் போல் அதன் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மின்னேற்றும்போது அயனிகள் அவ்வேடுகளின் இடையே புகுந்து தங்கும். நாம் பயன்படுத்தும்போது வெளியேறும். சோடியம் எளிதில் புக மறுக்கும் இவ்விடத்தில், அதனினும் பருத்த பொட்டாசியம் புகுந்து மீள்வதை 2015-இல் ஆய்வாளர் காட்டினர். வியப்புக்குரிய செய்திதான். ஆனால் லித்தியம் நிறைந்தால் கிராஃபைட் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பங்கு பருக்கும். பொட்டாசியம் நிறைந்தாலோ 60 பங்கு! இவ்வாறு வீங்கியும் சுருங்கியும் வருந்தும் பொருள் எத்தனை நாள் தாங்கும்? விரிசல் கண்டு உதிரத் தொடங்கும்.

இங்கேதான் தாவரக் கரி துணைக்கு வருகிறது. சிரட்டை, மரத்தூள் போன்றவற்றைக் காற்றுப் புகாத உலையில் 1000 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடாக்கினால் கிடைப்பது 'வன்கரி'. எவ்வளவு சூடாக்கினாலும் சில கரிகள் கிராஃபைட்டாக மாறுவதில்லை என்பதை ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் அம்மையார் 1951-இல் விளக்கினார். மரபணுவின் வடிவத்தைக் காணத் துணைசெய்த அதே அம்மையார்தான்! வன்கரியின் ஏடுகள் சுருண்டும் கோணியும் கிடப்பன. இடையிடையே நுண்ணிய வெற்றிடங்கள் உண்டு. ஒழுங்கின்மையே இங்கு நன்மையாகிறது. பருத்த அயனி சுவரை அதிகம் தள்ளாமலே தங்குகிறது.

குறைகளும் உள. செடி மண்ணிலிருந்து உறிஞ்சிய தாதுப்பொருள்களை அமிலத்தால் கழுவி நீக்கவேண்டும். முதன்முறை மின்னேற்றும்போது சிக்கிக்கொள்ளும் பொட்டாசியத்தில் ஒரு பகுதி திரும்புவதே இல்லை. மேலும், பொட்டாசிய அணு லித்திய அணுவைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கனமானது. ஆகவே இது சட்டைப்பைக்கு ஏற்றதன்று. கதிரவன் தரும் மின்சாரத்தை ஓரிடத்தில் சேமித்து வைப்பதற்கே பொருந்தும்.

ஆய்வுக் கட்டுரைகள் சிரட்டையைக் 'கழிவு' என்று எழுதிவிடுகின்றன. தென்னை வளரும் ஊர்களின் இல்லத்தரசியர் இதை ஒப்புவார்களா? அடுப்புக்கு விறகு அது. நீரைத் தூய்மையாக்கும் கரியைச் செய்ய, தமிழகத்திலும் இலங்கையிலும் ஆலைகள் அதை விலைகொடுத்து வாங்குகின்றன. மின்கலத் தொழிலும் போட்டிக்கு வந்தால் சிரட்டையின் விலை ஏறும். அந்த ஏற்றம் தென்னை வைத்திருப்போரைச் சேருமா, இடைத்தரகரோடு நின்றுவிடுமா என்பதை எந்த ஆய்வுக்கூடமும் அளந்து சொல்லாது. இப்போதைக்குப் பொட்டாசிய மின்கலம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. வன்கரியைக் கொண்ட அதன் உறவான சோடிய மின்கலமோ கடைக்கு வந்துவிட்டது.